சிறுகதை எழுதும் பயிற்சி

சிறுகதை எழுதும் பயிற்சி என்பது சிறுகதை என்னும் இலக்கிய வடிவத்தின் நுட்பங்களை வாசிப்பு, எழுத்து, கலந்துரையாடல், திருத்தம் ஆகியவற்றின் வழியே கற்பதையும் கற்பிப்பதையும் குறிக்கும். இப்பயிற்சி வகுப்பறையிலோ, சில நாட்கள் நடைபெறும் பட்டறையிலோ, அஞ்சல் வழியாகவோ, மூத்த எழுத்தாளர் ஒருவரின் தனிப்பட்ட வழிகாட்டலிலோ நிகழலாம். மேலை நாடுகளில் இது பல்கலைக்கழகப் பாடமாக வளர்ந்தது. தமிழில் இப்பணியை நீண்ட காலம் இதழாசிரியர்களும், நட்புக் குழுக்களும், கடிதங்களும் செய்து வந்தன. முறையான வகுப்புகள் பின்னரே தோன்றின. இவை எல்லாவற்றுக்கும் பொதுவான கூறு ஒன்று உண்டு: எழுதியவர் அல்லாத ஒருவர் கதையைக் கவனமாகப் படித்து, அது எங்கே நிற்கிறது, எங்கே தளர்கிறது என்று எழுதியவருக்குச் சொல்வதே அது.

சொல் வழக்கு

தமிழில் இத்தகைய நிகழ்வுகள் பட்டறை, பயிலரங்கு, பயிற்சி முகாம் என்னும் பெயர்களால் வழங்கப்படுகின்றன. கொல்லரும் தச்சரும் பணிபுரியும் இடத்தைக் குறிக்கும் 'பட்டறை' என்னும் சொல் இங்கும் பொருந்துகிறது. அங்கு முடிந்த பொருளைவிடச் செய்துகொண்டிருக்கும் பொருளே முதன்மையானது. கல்லூரிகளில் இப்பாடம் 'படைப்பிலக்கியம்' அல்லது 'படைப்பிலக்கியப் பயிற்சி' என்று அழைக்கப்படுகிறது.

உலகப் பின்னணி

சிறுகதைக்கு இலக்கணம் வகுக்க முயன்றவர்களுள் முன்னோடியாகக் கருதப்படுபவர் அமெரிக்க எழுத்தாளர் எட்கார் ஆலன் போ. 1842இல் நத்தானியேல் ஹாதோர்னின் கதைத் தொகுப்புக்கு அவர் எழுதிய மதிப்புரையில், ஒரே அமர்வில் படித்து முடிக்கத்தக்கதும், எல்லாச் சொற்களும் ஒரே விளைவை நோக்கிச் செல்வதுமான கதையே சிறந்தது என்னும் கருத்தை முன்வைத்தார். இன்றைய பயிற்சி வகுப்புகளில் 'ஒருமை' என்று கற்பிக்கப்படுவதன் வேர் இதுவாகும்.

பிரான்சில் மாப்பசான், நாவலாசிரியர் குஸ்தாவ் ஃப்ளோபேரிடம் பல ஆண்டுகள் தம் எழுத்துகளைக் காட்டித் திருத்தம் பெற்றார். 1880இல் வெளியான கதை மூலம் புகழ்பெறும் வரை அவர் பெரும்பாலும் பயிற்சி நிலையிலேயே இருந்தார். ரஷ்யாவில் 1886இல், நகைச்சுவைத் துணுக்குகளை விரைந்து எழுதிக்கொண்டிருந்த இளம் ஆன்டன் செக்காவுக்கு, மூத்த எழுத்தாளர் கிரிகரோவிச் தம் திறமையை மதித்து எழுதுமாறு வலியுறுத்திக் கடிதம் எழுதினார். செக்காவின் வளர்ச்சியில் இக்கடிதம் ஒரு திருப்பமாகக் குறிப்பிடப்படுகிறது.

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 1936இல் எழுத்தாளர் பட்டறை நிறுவப்பட்டது. மாணவர் எழுதிய கதையின் படிகளை முன்கூட்டியே அனைவருக்கும் கொடுத்து, வகுப்பில் எல்லோரும் கூடி விவாதிக்கும் முறை இங்கிருந்து பல நாடுகளுக்குப் பரவியது. பிளானரி ஓ'கானர் இப்பட்டறையின் புகழ்பெற்ற மாணவர்களுள் ஒருவர்.

1967இல் அதே பல்கலைக்கழகத்தில் பன்னாட்டு எழுத்தாளர் திட்டம் தொடங்கப்பட்டது. இது வகுப்பன்று, பல நாட்டு எழுத்தாளர்கள் சில மாதங்கள் சேர்ந்து தங்கி எழுதவும் உரையாடவும் வழி செய்யும் ஏற்பாடாகும். தமிழ் எழுத்தாளர் அசோகமித்திரன் 1973இல் இத்திட்டத்தில் பங்கேற்றார். அந்த அனுபவத்தின் அடிப்படையில் அவர் எழுதிய நூல் 'ஒற்றன்!' ஆகும்.

தமிழில் வரலாறு

தொடக்க காலம்

வ. வே. சு. ஐயரின் 'குளத்தங்கரை அரசமரம்' (1915) தமிழின் முதற் சிறுகதையாகப் பலராலும் குறிப்பிடப்படுகிறது. இது இரவீந்திரநாத் தாகூரின் வங்கமொழிக் கதை ஒன்றின் தாக்கத்தில் எழுதப்பட்டது என்பது ஆய்வாளர்கள் சுட்டும் செய்தியாகும். தமிழில் முன்மாதிரி இல்லாத வடிவத்தைப் பிறமொழிக் கதைகளைப் படித்தும், தழுவியும், மொழிபெயர்த்தும் கற்றுக்கொள்வதே அக்காலத்தில் இயன்ற பயிற்சியாக இருந்தது. புதுமைப்பித்தன் உள்ளிட்ட அடுத்த தலைமுறையினரும் உலகச் சிறுகதைகள் பலவற்றை மொழிபெயர்த்துள்ளனர்.

மணிக்கொடி

1933இல் வார இதழாகத் தொடங்கிய மணிக்கொடி, 1935இல் பி. எஸ். ராமையாவின் பொறுப்பில் சிறுகதைகளுக்கான இதழாக மாறியது. ராமையா தாமே 1930களின் தொடக்கத்தில் ஆனந்த விகடன் நடத்திய சிறுகதைப் போட்டியின் வழியே எழுத்துக்கு வந்தவர். புதுமைப்பித்தன், கு. ப. ராஜகோபாலன், ந. பிச்சமூர்த்தி, சி. சு. செல்லப்பா முதலியோர் இவ்விதழில் எழுதினர். மௌனியை எழுதத் தூண்டி, அவருக்கு அப்புனைபெயரைச் சூட்டியவரும் ராமையா என்பர். எம். வி. வெங்கட்ராமின் முதற் கதை அவருடைய 16ஆம் வயதில் மணிக்கொடியில் வெளிவந்தது.

மணிக்கொடியில் பாடத்திட்டமோ வகுப்போ இருந்ததில்லை. ஆயினும், கதையைத் தேர்ந்தெடுக்கும் ஆசிரியர், அதை உடனே படிக்கும் சக எழுத்தாளர்கள், அடுத்த இதழில் அதனினும் சிறப்பாக எழுத வேண்டும் என்னும் போட்டி மனப்பான்மை ஆகிய மூன்றும் ஒன்றுசேர்ந்து ஒரு பயிற்சிக் களத்தை உருவாக்கின. இக்காலத்தைப் பற்றி ராமையா எழுதிய 'மணிக்கொடி காலம்' என்னும் நூல் 1982இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது.

நட்புக் குழுக்களும் கடிதங்களும்

கும்பகோணத்தில் கு. ப. ராஜகோபாலனைச் சுற்றி இளம் எழுத்தாளர்கள் கூடினர். தி. ஜானகிராமன், கரிச்சான் குஞ்சு ஆகியோர் அவரை வழிகாட்டியாகக் கொண்டனர். கு. ப. ரா. 1944இல் மறைந்தபோதும், கூறாமல் உணர்த்தும் அவருடைய முறை இவர்களின் எழுத்தில் தொடர்ந்தது.

கோவில்பட்டிக்கு அருகிலுள்ள இடைசெவல் என்னும் சிற்றூரில் பிறந்த கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் இளமை முதல் நண்பர்கள். வேலையின் பொருட்டு அழகிரிசாமி ஊரைவிட்டுச் சென்ற பின், அவர் கி. ரா.வுக்கு எழுதிய கடிதங்கள் பின்னாளில் நூலாக வெளியிடப்பட்டன. இசையும் இலக்கியமும் வாசிப்பும் குறித்த இக்கடிதங்கள், கல்லூரியின் துணையின்றி ஓர் எழுத்தாளர் உருவாக முடியும் என்பதற்குச் சான்றாகின்றன. நாகர்கோவிலில் சுந்தர ராமசாமி 'காகங்கள்' என்னும் இலக்கியச் சந்திப்பை நடத்தினார். அங்குப் படைப்புகள் வாசிக்கப்பட்டு விவாதிக்கப்பட்டன.

1959 முதல் 1970 வரை சி. சு. செல்லப்பா நடத்திய 'எழுத்து' இதழ், கதையை வரிவரியாக ஆராயும் திறனாய்வுக்கு இடமளித்தது. ஒரு கதை ஏன் நன்றாக இருக்கிறது என்பதைக் காரணம் காட்டிக் கூறும் பழக்கம் பயிற்சிக்கு இன்றியமையாதது. அவ்வகையில் 'எழுத்து' இதழின் பங்கு குறிப்பிடத்தக்கது.

வழிகாட்டி நூல்களும் அஞ்சல்வழிப் பயிற்சியும்

மகரம் தொகுத்த 'எழுதுவது எப்படி?' என்னும் நூலில் பல எழுத்தாளர்கள் தம் எழுத்து முறையை விளக்கினர். அத்தொகுப்பில் இடம்பெற்ற தி. ஜானகிராமனின் 'சிறுகதை எழுதுவது எப்படி?' என்னும் கட்டுரை இன்றும் பயிற்சி வகுப்புகளுக்கு ஏற்ற பாடமாகும். ஒருமையே சிறுகதையின் உயிர் என்றும், கதை முடிய வேண்டிய இடத்தைத் தாண்டினால் அவ்வொருமை கெடும் என்றும் அவர் அதில் விளக்குகிறார்.

குமுதம் இதழில் நெடுங்காலம் பணியாற்றிய ரா. கி. ரங்கராஜன் (1927–2012), கதை எழுத விரும்புவோருக்கு அஞ்சல்வழிப் பயிற்சி அளித்தார். அப்பாடங்கள் 'எப்படிக் கதை எழுதுவது?' என்னும் நூலாயின. இலக்கியச் சிற்றிதழ்களின் அளவுகோலிலிருந்து மாறுபட்டு, வெகுமக்கள் இதழின் வாசகரை மனத்தில் கொண்டு கதையைக் கட்டும் முறையை இது எளிமையாகக் கூறுகிறது. ஜெயமோகனின் 'எழுதும் கலை' அண்மைக் கால வழிகாட்டி நூல்களுள் ஒன்றாகும்.

அமைப்புகளும் தேர்வுகளும்

1970இல் சென்னையில் தொடங்கப்பட்ட இலக்கியச் சிந்தனை அமைப்பு, ஒவ்வொரு மாதமும் இதழ்களில் வெளியான கதைகளுள் சிறந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்து வந்தது. அவ்வாறு தேர்ந்த பன்னிரண்டு கதைகளுள் ஒன்று ஆண்டின் சிறந்த கதையாக அறிவிக்கப்பட்டது. வெவ்வேறு கைகள் எழுதிய பன்னிரண்டு கதைகளை ஒரே நூலில் ஒப்பிட்டுப் படிக்கும் வாய்ப்பு இதனால் புதியவர்களுக்குக் கிட்டியது.

தமிழ்நாடு கலை இலக்கியப் பெருமன்றம் (1961), தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் சங்கம் (1975) ஆகியவை மாவட்டங்களில் சிறுகதைப் பயிலரங்குகளை நடத்தியுள்ளன. இதழ் அலுவலகங்கள் பெரும்பாலும் சென்னையில் இருந்த நிலையில், சிற்றூர்களின் எழுத்தாளர்கள் தம் கதையைப் பற்றி நேரில் ஒரு கருத்தைக் கேட்க இத்தகைய கூட்டங்களே வழியாக இருந்தன. இதழ்கள் திருப்பி அனுப்பும் கதைகளுடன் பொதுவாகக் காரணம் எழுதப்படுவதில்லை. அக்காரணத்தை அறிய முடிவதே பயிலரங்கின் முதற்பயன் எனலாம்.

இலங்கையும் சிங்கப்பூரும்

யாழ்ப்பாணத்தில் 1943இல் உருவான மறுமலர்ச்சிச் சங்கத்தினர் முதலில் கையெழுத்து இதழ் நடத்தி, பின்னர் 1946 முதல் 1948 வரை 'மறுமலர்ச்சி' இதழை அச்சில் வெளியிட்டனர். வரதர் இதன் முன்னணியாளர்களுள் ஒருவர். கையெழுத்து இதழ்கள் தமிழகத்திலும் ஈழத்திலும் பலருக்கு முதற் பயிற்சிக் களமாக விளங்கின. 1966இல் டொமினிக் ஜீவா தொடங்கிய 'மல்லிகை' ஈழத்தின் புதிய எழுத்தாளர்கள் பலருக்கு இடமளித்தது. சிங்கப்பூரில் 1993 முதல் வழங்கப்பட்ட தங்கமுனை விருது, தமிழ் உள்ளிட்ட நான்கு மொழிகளில் எழுதும் புதியவர்களை ஊக்குவித்தது.

பயிற்சி முறை

சிறுகதை வகுப்பு ஒன்று பொதுவாகப் பின்வரும் படிகளில் நடைபெறும்.

1. வாசிப்பு: புகழ்பெற்ற கதை ஒன்றை அனைவரும் படித்து, அதன் கட்டமைப்பைப் பிரித்துப் பார்த்தல்.
2. சிறு பயிற்சி: ஒரு காட்சி, ஓர் உரையாடல் அல்லது ஒரு பத்தி மட்டும் எழுதுதல்.
3. முழுக்கதை: பங்கேற்பாளர் தனியே ஒரு கதையை எழுதி முடித்தல்.
4. வட்ட விவாதம்: கதையைப் படித்தவர்கள் கருத்துக் கூறுதல். அப்போது எழுதியவர் குறுக்கிட்டு விளக்கம் தருவதில்லை. அச்சில் வந்த கதைக்கு அருகில் நின்று விளக்கம் கூற எழுத்தாளரால் இயலாது என்பதே இவ்விதியின் காரணம்.
5. திருத்தம்: கேட்ட கருத்துகளுள் ஏற்பனவற்றை ஏற்று மீண்டும் எழுதுதல்.

கற்பிக்கப்படும் கூறுகளுள் முதன்மையானவை:

காட்சிப்படுத்தல்: 'முனியம்மாள் வறுமையில் வாடினாள்' என்பது செய்தி. 'முனியம்மாள் அரிசிப் பானையைக் கவிழ்த்துத் தட்டினாள். தரையில் விழுந்தவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்' என்பது காட்சி. இரண்டாவதில் வறுமை என்னும் சொல் இல்லை. வாசகர் அதைத் தாமே கண்டுகொள்கிறார். எல்லாவற்றையும் காட்சியாக்கினால் கதை நீண்டுவிடும் என்பதால், எதைக் காட்டுவது, எதைக் கூறிக் கடப்பது என்னும் தெரிவும் கற்பிக்கப்படுகிறது.

நோக்குநிலை: கதை யாருடைய கண் வழியே செல்கிறது என்பது. அந்தப் பாத்திரம் அறிய முடியாத செய்தி இடையில் நுழைந்தால் வாசகரின் நம்பிக்கை குலையும்.

உரையாடல்: பாத்திரங்கள் தமக்குள் முன்பே தெரிந்த செய்திகளை வாசகருக்காகச் சொல்லிக்கொள்வது புதியவர்களிடம் பரவலாகக் காணப்படும் குறையாகும். வட்டார வழக்கைக் கையாள்வதும் இதன் பகுதி. கி. ராஜநாராயணனின் 'கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி'யும் கண்மணி குணசேகரனின் 'நடுநாட்டுச் சொல்லகராதி'யும் இதற்குத் துணைபுரிபவை.

முடிவு: திடீர்த் திருப்பத்துடன் முடிப்பது, நீதி கூறி முடிப்பது, திறந்த நிலையில் விடுவது எனப் பல வகைகள் உண்டு. கடைசிப் பத்தியை நீக்கிவிட்டுக் கதையைப் படித்துப் பார்ப்பது ஓர் எளிய சோதனை. அப்பத்தி இல்லாமலே கதை நிறைவுற்றால் அது தேவையற்றது.

எடுத்துக்காட்டு: செஞ்சிப் பகுதிக் கதைப்பொருள்

எல்லோரும் அறிந்த கதை ஒன்றைச் சிறுகதையாக்குவது நல்ல பயிற்சியாகும். விழுப்புரம் மாவட்டத்திலுள்ள செஞ்சி இதற்கு ஏற்ற களம். இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளை இணைத்து அமைந்த செஞ்சிக் கோட்டை, 2025இல் 'மராட்டிய இராணுவ நிலக்காட்சிகள்' என்னும் தொகுதியின் கீழ் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டது. அத்தொகுதியின் 12 கோட்டைகளுள் தமிழகத்தைச் சேர்ந்தது இது ஒன்றே.

செஞ்சியை ஆண்ட தேசிங்கு எனப்படும் தேஜ்சிங், ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையுடன் போரிட்டு 1714இல் இளம் வயதில் இறந்தார். அவர் நினைவாக வழங்கும் 'தேசிங்கு ராஜன் கதை' என்னும் கதைப்பாடல், அவருடைய பிறப்பு முதல் இறப்பு வரை அனைத்தையும் விரித்துரைக்கிறது. குதிரை நீலவேணி, நண்பர் மகமத்கான், அரசி ராணிபாய் எனப் பல பாத்திரங்கள் அதில் உள்ளன. இரவு முழுவதும் கூடியிருந்து கேட்கும் மக்களுக்கு அவ்விரிவு பொருத்தமானது. அதே விரிவைச் சில பக்கங்களுக்குள் சுருக்கினால் கதைச் சுருக்கம்தான் கிடைக்கும், சிறுகதை கிடைக்காது.

சிறுகதை எழுதுபவர் ஒரு பொழுதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக:

- வழுதாவூரில் தன் திருமணத்தை விட்டுவிட்டு மகமத்கான் போருக்குப் புறப்பட்டார் என்பது கதைப்பாடல் தரும் செய்தி. பாடல் அவருடன் போர்க்களம் செல்கிறது. சிறுகதையோ மணவீட்டிலேயே தங்கி, மணப்பெண்ணின் நோக்கில் அப்பகலைச் சொல்லலாம். அப்போது நட்பின் பெருமையைப் பாடும் நிகழ்வே வேறொருவரின் இழப்பாக மாறுகிறது.

- செஞ்சிக்கு அருகிலுள்ள சிங்கவரத்தின் குடைவரைக் கோயிலில், பள்ளிகொண்ட அரங்கநாதர் தேசிங்கு போருக்குச் செல்வதை விரும்பாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பது மக்கள் நம்பிக்கை. அன்று விளக்கேற்றிய அருச்சகர், தாம் கண்டதைச் சொல்வதா மறைப்பதா என்று தயங்குவது ஒரு கதையாகலாம்.

- குதிரைக்குத் தீனி வைக்கும் பணியாளின் நோக்கில், போருக்கு முந்தைய இரவு மட்டும் கதையாகலாம். இக்கதையில் அரசர் ஒருமுறைகூடத் தோன்ற வேண்டியதில்லை.

மூன்றிலும் போரின் முடிவு வாசகருக்கு முன்பே தெரியும். ஆகவே 'என்ன நடக்கும்?' என்னும் ஆவலைக் கொண்டு கதையை நடத்த இயலாது. 'இவர் என்ன செய்வார்?' என்னும் கேள்வியே கதையைத் தாங்க வேண்டும். வரலாற்றுச் செய்திகளை உரையாடலில் திணிப்பது இவ்வகைக் கதைகளில் நேரும் பொதுவான பிழையாகும்.

சுருக்கத்துக்கும் செஞ்சிப் பகுதியிலேயே எடுத்துக்காட்டு உண்டு. செஞ்சிக்கு அருகே, 24 தீர்த்தங்கரர்களின் புடைப்புச் சிற்பங்கள் அமைந்த திருநாதர்குன்றில், ஏறத்தாழ கி.பி. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் சமணக் கல்வெட்டு ஒன்று உள்ளது. சந்திரநந்தி என்னும் ஆசிரியர் 57 நாட்கள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்த இடம் அது என்பதை ஒருசில சொற்களில் அது குறிக்கிறது. பெயர், நாட்களின் எண்ணிக்கை, இடம் என்னும் மூன்று செய்திகளுக்கு மேல் எதுவும் இல்லை. எஞ்சியவற்றைப் படிப்பவர் நினைத்துப் பார்க்கிறார். 'மிகக் கடுமையான நோன்பு' என்னும் அடைமொழியைவிட 57 என்னும் எண் வலிமையானது என்பதை மாணவருக்கு விளக்க இக்கல்வெட்டு உதவும்.

கருத்து வேறுபாடுகள்

சிறுகதை எழுதக் கற்பிக்க முடியுமா என்பது நீண்ட கால விவாதமாகும். முடியாது என்போர், எழுத்து பிறவித் திறமை என்றும், வகுப்புகள் ஒரே அச்சில் வார்த்த கதைகளையே உருவாக்கும் என்றும் கூறுவர். அயோவா முறை குறித்தும் இக்குறை கூறப்பட்டுள்ளது. பள்ளிப் படிப்பைத் தொடக்க வகுப்புகளிலேயே விட்ட ஜெயகாந்தன் தமிழின் தலைசிறந்த சிறுகதையாசிரியர்களுள் ஒருவரானதை இவர்கள் சான்றாகக் காட்டுவதுண்டு.

முடியும் என்போர், இசைக்கும் ஓவியத்துக்கும் பயிற்சி தேவை என்பதை ஏற்கும் சமூகம் எழுத்துக்கு மட்டும் அதை மறுப்பது முரண் என்பர். ஜெயகாந்தனும் தனித்து வளர்ந்தவர் அல்லர். இளமையில் அவர் பொதுவுடைமைக் கட்சி அலுவலகத்தில் வாழ்ந்து, அச்சகப் பணிகளைச் செய்து, ப. ஜீவானந்தம் போன்றோரின் உரையாடலைக் கேட்டு வளர்ந்தார். முறைசாரா விட்டாலும் அதுவும் ஒரு கல்வியே.

வகுப்பு தரக்கூடியவற்றுக்கு எல்லை உண்டு என்பதை இரு சாராரும் ஏற்கின்றனர். நோக்குநிலை, உரையாடல், கட்டமைப்பு ஆகியவற்றைக் கற்பிக்கலாம். எழுதுபவர் எதைப் பார்க்கிறார், எதன்பால் அக்கறை கொள்கிறார் என்பதைக் கற்பிப்பது அரிது. இன்று கதையை வெளியிடும் வழிகள் பெருகியுள்ளன. இதழாசிரியரின் மேசையைக் கடக்காமலே ஒரு கதை வாசகரை அடைய முடியும். அச்சூழலில், வெளியாகும் முன்பே கதையைப் படித்துத் தயங்காமல் குறை கூறும் ஒருவரின் தேவை முன்பைவிடக் கூடியுள்ளது. மணிக்கொடி காலத்தில் இதழாசிரியர் ஆற்றிய பணியின் ஒரு பகுதியையே இன்றைய பயிலரங்குகள் ஆற்றுகின்றன.

இவற்றையும் பார்க்க

- சிறுகதை
- மணிக்கொடி (இதழ்)
- எழுத்து (இதழ்)
- இலக்கியச் சிந்தனை
- வட்டார வழக்கு
- தேசிங்கு ராஜன் கதை
- செஞ்சிக் கோட்டை
- திருநாதர்குன்று